நான்கு மெழுகும் ஒரு மூக்கும்

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது 2004இல். வீடு கடலூரில், மஞ்சக்குப்பத்தில். வேலை நிரந்தரமானால் சிதம்பரத்துக்கே குடிபோய்விடலாம் என்று என் கணவர் சொன்னார். வேலை நிரந்தரமானது. வீடுதான் மாறவில்லை. காலையில் ஏழேகால் பஸ், சாயங்காலம் ஐந்தே முக்கால் பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று வழியில் வரும் நிறுத்தங்களை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் செய்த தப்பு அலுப்பில் செய்த தப்பு. அலுப்பு ஒரு சாக்கு ஆகாது என்று இப்போது தெரிகிறது. அப்போது அதைவிட நல்ல சாக்கு என்னிடம் இல்லை.

2006இல் என் கணவரின் அக்கா எங்களோடு வந்து சேர்ந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய வீட்டுக்காரர் திடீரென்று நெஞ்சுவலி வந்து இறந்துபோய் மூன்று மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகள் கிடையாது. மங்கலம்பேட்டையில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மிஷின், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதா சுரூபம், இவ்வளவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் திரும்ப முடியாத ஒரு சமையலறை. தையல் மிஷின் ஹாலில் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அந்த ஜன்னலை நாங்கள் திறக்கவே இல்லை.

அண்ணி நல்லவர். ஆனால் நல்லவர்களோடும் ஒரே சமையலறையில் நிற்பது கஷ்டம். நான் கழுவி வைத்த பாத்திரத்தை அவர் மறுபடி கழுவுவார். நான் பஸ் அலுப்பில் ஹாலில் கொஞ்சம் காலை நீட்டலாம் என்று வந்தால் அங்கே அவர் பாயை விரித்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார். இவர் எப்போது போவார் என்று நான் நினைக்காத வாரம் இல்லை. அப்படி நினைத்ததற்காக ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மன்னிப்புக் கேட்பேன். திங்கட்கிழமை மறுபடியும் நினைப்பேன்.

போக வேண்டும் என்று அவருக்கும்தான் ஆசை. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

"தம்பி தங்கமானவன்தான். இருந்தாலும் அவன் வூட்டுல ஒக்காந்து சாப்புடறப்ப சோறு தொண்டையிலயே நிக்கிதும்மா. எனக்கு ஒரு ரூம் போதும். கதவ நானே சாத்தணும், நானே தொறக்கணும்."

அந்த ரூம் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று அவர் அளவுக்கு நானும் வேண்டிக்கொண்டேன்.

கோயில் பக்கத்தில் சிஸ்டர்கள் நடத்திய தையல் வகுப்பில் மெழுகுவத்தி ஊற்றவும் சொல்லிக்கொடுத்தார்கள். அண்ணி அங்கே போய்ப் பழகிக்கொண்டு, திருநாள் சமயங்களில் வெள்ளை மெழுகுவத்தி ஊற்றிக் கொடுப்பார். அதில் காசு பெரிதாக ஒன்றும் நிற்காது. 2010இல் ஒரு நாள் சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு ஃபேன்சி கடையில் கண்ணாடி டம்ளருக்குள் ஊற்றிய வாசனை மெழுகுவத்திகளைப் பார்த்தேன். பாண்டிச்சேரியிலிருந்து வருகிறதாம். கடைக்கார அம்மா பேச்சுவாக்கில் சொன்னார்: இங்கேயே யாராவது நன்றாகச் செய்து கொடுத்தால் மாதம் நூற்றைம்பது டம்ளர் எடுத்துக்கொள்வேன், கல்லூரிப் பிள்ளைகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தள்ளுகிறார்கள் என்று. அன்று பஸ்ஸில் நான் கண்ணை மூடவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் அண்ணியிடம் சொன்னேன். இதில் அண்ணிக்கு உதவும் எண்ணம் பாதி, என் ஹால் எனக்குத் திரும்பக் கிடைக்குமே என்ற எண்ணம் பாதி.

அண்ணி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். எந்த மெழுகில் ஊற்றுவது என்று முதலில் தெரியவேண்டும் என்றார். "ஒரே டம்ளர், ஒரே திரி, ஒரே அளவு மல்லி எண்ண. மெழுகு மட்டும்தான் மாறணும். அப்பதான் எது நல்லதுன்னு தெரியும்." எங்கள் கல்லூரியில் ஆராய்ச்சி என்ற பெயரில் நடக்கிற சில விஷயங்களைப் பார்த்தவள் நான். அண்ணி எவ்வளவோ தேவலை.

நான்கு மெழுகு சேர்த்தார். முதலாவது பாரபின், வெள்ளைப் பாளம், கடலூரிலேயே ஒரு கெமிக்கல் கடையில் கிடைத்தது. இரண்டாவது தேன்மெழுகு. காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்புகளில் தேன் எடுப்பவர்களிடம் அவரே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். காய்ச்சி வடிகட்டும்போது அதில் தேனீயின் கால், இறக்கை எல்லாம் கிடந்தன. மூன்றாவது சோயா மெழுகு, சென்னையிலிருந்து கூரியரில் வந்தது. பார்த்தால் வெள்ளை அவல். நான்காவது பாமாயிலில் செய்த மெழுகு. அது ஆறும்போது டம்ளர் ஓரத்தில் இறகு இறகாகப் பூ விழும். அந்த அழகுக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

பெரிய அலுமினியப் பானையில் தண்ணீர் கொதிக்கும். அதற்குள் ஒரு டால்டா டப்பா, டப்பாவுக்குள் மெழுகு. நேராக நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும் என்று சிஸ்டர்கள் சொல்லியிருந்தார்கள். டம்ளர் அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று, நான்கு என்று அடையாளம். பாரபினை அன்றே கொளுத்திப் பார்க்கலாம். சோயாவில் மட்டும் வாசனை இறங்க இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். அப்படி மூடாமல் வைத்த முதல் நான்கு டம்ளரை எலி சுரண்டித் தின்றுவிட்டது. தாவரக் கொழுப்புதானே, அதற்குத் தெரிகிறது. மெழுகு தின்ற எலியின் வாயில் மல்லி மணக்குமா என்று கேட்டு என் கணவர் நாள் முழுக்கச் சிரித்தார்.

கொளுத்திப் பார்ப்பதற்கு மின்வெட்டு நேரம் வசதியாக இருந்தது. எங்கள் தெருவில் அப்போதெல்லாம் சாயங்காலம் ஆறரைக்குப் போகும் கரண்ட் எட்டுக்குத்தான் வரும். ஃபேன் ஓடாது, காற்று கலைக்காது. நான் வீட்டுக்கு வந்து சேர்வது ஏழு மணிக்கு. என் கணவர் போக்குவரத்துப் பணிமனையில் வேலை முடித்து வர எட்டரை ஆகும். ஆக, அந்த ஒரு மணி நேரம் அண்ணி, நான், டம்ளர்கள்.

வாசலில் என் தலை தெரிந்ததும் அண்ணி ஒரு டம்ளரைக் கொளுத்திவிடுவார். கொஞ்ச நேரம் எரியவிட்டு, மேலே மெழுகு உருகி நின்றதும் என்னைக் கூப்பிடுவார். மடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு.

"எப்டியிருக்குது?"

"நல்லாயிருக்கு அண்ணி."

எழுதிக்கொள்வார். அடுத்த நாள் அடுத்த டம்ளர்.

"எப்டியிருக்குது?"

"நல்லாயிருக்கு."

அவர் மெழுகுவத்தியைப் பார்க்க மாட்டார், என் முகத்தைத்தான் பார்ப்பார். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஆபீஸிலிருந்து வந்தவளுக்கு ஒரு வாய் காபி கொடுக்காமல் மூக்குக்கு நேரே டம்ளரை நீட்டுகிறாரே என்று உள்ளுக்குள் பொருமுவேன். நல்லாயிருக்கு என்று சொன்னால் உடனே விட்டுவிடுவார். கொஞ்சம் இழுத்துச் சொன்னால், என்னா குறை, எண்ணெய் பத்தலையா, திரி தடிமனா என்று அரை மணி நேரம் போய்விடும். அதனால் சுருக்கமாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

உண்மையில் எனக்கு எல்லாம் தெரிந்தது. என் மூக்கு நல்ல மூக்கு. தேன்மெழுகு மல்லியை விழுங்கிவிட்டு, தானே தேனும் முந்திரிப் பூவுமாக மணக்கும். அது மல்லி மெழுகுவத்தி இல்லை, ஆனால் அருமையான மெழுகுவத்தி. சோயாவில் மல்லி மெதுவாகத்தான் வரும், அதற்கு முன்னால் சமையல் எண்ணெயின் பச்சை வாடை ஒன்று வரும். பாமாயில் மெழுகு பூப்பூவாக இருக்குமே தவிர, வாசனை இருக்கிறதா என்று தேட வேண்டும். பாரபினில் மல்லி தூக்கலாக அடிக்கும், ஆனால் டம்ளர் வாயில் கரி படியும். இவ்வளவும் நான் சொல்லியிருக்கலாம். நான்கு வாக்கியம். நாலு வாக்கியம் பேசத் தெம்பில்லாத அளவுக்கு அப்படி என்ன வெட்டி முறித்தேன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

நோட்டில் நான்கு மெழுகுக்கும் நல்லாயிருக்கு என்றே இருந்ததால் அண்ணி நியாயமாகத்தான் முடிவெடுத்தார். எல்லாம் நல்லாயிருக்கிறது என்றால் சுலபமாகக் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம். பாரபினில் செய்த சாம்பிளைக் கடைக்கார அம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு நூற்றைம்பது சொல்லிவிட்டார்.

அவ்வளவுக்கு வேண்டிய பாளம் பழைய கடையில் இல்லை. திருப்பாப்புலியூரில் வேறொரு கடையில் வாங்கினார் அண்ணி. பார்வைக்கு அதே வெள்ளை, கொஞ்சம் மஞ்சள் பூத்த வெள்ளை. அதில் ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்துப் புதுச்சத்திரத்தில் பஸ் பஞ்சர். பின்னால் வந்த பஸ்ஸில் நிற்கத்தான் இடம். வீட்டுக்கு வரும்போது மணி எட்டாகப் போகிறது. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"இது புதுப் பாளம்மா. பழசு மாதிரியே இருக்குதா, பாத்து சொல்லு. இத வச்சித்தான் மொத்தமும் ஊத்தப்போறேன்."

குனிந்தேன். மல்லி வந்தது. மல்லிக்குப் பின்னாலேயே மண்ணெண்ணெய் வாடை வந்தது. லேசாகத்தான், ஆனால் சந்தேகம் இல்லாமல். சொன்னால் பாளத்தைத் திருப்ப வேண்டும், வேறு கடை தேட வேண்டும், என் கணவர் வந்தால் அவரோடு பேச வேண்டும், அதற்கெல்லாம் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நல்லாயிருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அண்ணி பத்து நாள் ஊற்றினார். நூற்றைம்பது டம்ளர், ஒவ்வொன்றுக்கும் வாயில் பட்டுத்துணி மாதிரி ஒரு தாள் கட்டி, அதன்மேல் சின்ன ரிப்பன். பெட்டி பெட்டியாக நான்தான் பஸ்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கடைசிப் பெட்டி கொடுத்த அன்று அண்ணி வாசலில் நின்று என்னை அனுப்பினார். நல்ல சேலை கட்டியிருந்தார், சிதம்பரத்துக்குப் போவது அவரேதான் என்பதுபோல.

மூன்றாம் நாள் கடைக்கார அம்மா என் ஆபீஸுக்குப் போன் செய்தார். சாயங்காலம் போனேன். கடைக் கதவைச் சாத்திவிட்டு ஒன்றைக் கொளுத்திக் காட்டினார். மூடிய இடத்தில் அது நன்றாகவே தெரிந்தது.

"சாம்பிள்ள மல்லி. இதுல மண்ணெண்ண ஸ்டவ்வு. ஏம்மா, இத ஊத்தினவுங்களுக்கு மூக்கு இல்லையா? வாங்கிட்டுப் போன பொண்ணு திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டுப் போகுது. எல்லாத்தயும் எடுத்துட்டுப் போயிடுங்க."

இரண்டு பெட்டியை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்தேன். மிச்சத்துக்கு இன்னும் மூன்று நாள் போக வேண்டும். கண்டக்டர் வேறு லக்கேஜ் போட வேண்டும் என்று சத்தம் போட்டார். யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. என்மீது கோபப்படுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. அதனால் வீட்டுக்குள் வந்ததும் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அண்ணிமேல் பாய்ந்தேன்.

"அத்தனையும் மண்ணெண்ண வாடையாம். ஊத்தினவுங்களுக்கு மூக்கு இல்லையான்னு கேக்குறாங்க. பத்து நாள் இதே அடுப்படியில நின்னீங்களே அண்ணி, ஒங்களுக்குத் தெரியலயா?"

அண்ணி பெட்டியைப் பார்த்தார். ரிப்பன்களைப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்.

"தெரியாதும்மா. எனக்கு வாசன தெரிஞ்சு அஞ்சாறு வருஷம் ஆவுது."

மங்கலம்பேட்டையில் இருக்கும்போதே ஒரு காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனது, வாசனையும் கூடவே போய்விட்டது. வரும் வரும் என்று பார்த்திருக்கிறார். அதற்குள் வீட்டுக்காரர் போய்விட்டார். அந்தத் துக்கத்துக்கு முன்னால் மூக்கைப் பற்றி யாரிடம் சொல்வது. "அவுரு சட்டைய எடுத்து மோந்து பாத்தேம்மா. ஒண்ணுமே இல்ல. வெறும் துணி. அப்பதான் அழுதேன்" என்றார்.

பால் பொங்கித் தீய்ந்தாலும் அவர் பக்கத்திலேயே அசையாமல் நின்றது, ஊசிப்போன குழம்பைச் சுட வைத்துப் பரிமாறியது, இதையெல்லாம் நான் அலட்சியம் என்று நினைத்து மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஒரு தடவை கேஸ் அடுப்பின் திருகு சரியாக மூடாமல் வீடே நாறியது. வாசலில் இருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தேன். அவர் அடுப்புக்கு அடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வாசன மெழுகுவத்தி எப்டி அண்ணி போடலாம்னு நெனச்சீங்க?"

"நீ இருக்கியேன்னு நெனச்சேன்."

நோட்டை எடுத்து வந்தார். பக்கம் பக்கமாக, தேதி போட்டு, புள்ளி போட்டு, அவருடைய குண்டுக் கையெழுத்தில் ஒரே வார்த்தை. நல்லாயிருக்கு. நல்லாயிருக்கு. நல்லாயிருக்கு.

"கடசிப் பாளம் நீயும் மோந்து பாத்தியே. ஒனக்கும் தெரியலயாம்மா?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், ஆனால் வந்தது வேறு.

"கொசுவத்தி எரிஞ்சிதுல்ல அண்ணி. அந்தப் பொகையில தெரியல."

அண்ணி தலையாட்டினார், நம்பிவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத. மூக்கு தெரியாதுன்னு தெரிஞ்சா, தனியா கேஸ் பத்தவச்சு வாழ வுடமாட்டான். இந்த ஹால்லயேதான் நான் சாவணும்."

அது உண்மை. என் கணவர் விடவே மாட்டார். நான் யோசித்தேன். சொன்னால் அண்ணி இங்கேயே, பத்திரமாக, கடைசி வரை. சொல்லாவிட்டால் ஒரு நாள் போய்விடுவார், கேஸ் வாடை தெரியாத மூக்கோடு. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவருக்காகத்தான் என்று அன்று சொல்லிக்கொண்டேன். என் ஹாலும் அந்தச் சத்தியத்தில் இருந்தது. இதை எழுதும் இன்று வரை என் கணவருக்குத் தெரியாது. படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

திரும்பி வந்த டம்ளர்கள் தையல் மிஷினுக்கு அடியில் ஒரு வருஷம் கிடந்தன. 2011 கடைசியில் புயல் அடித்தது. தெருவில் ஒரு கம்பம் மிச்சம் இல்லை. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, கடைகளில் மெழுகுவத்தி இல்லை. மண்ணெண்ணெய் வாடையாவது, மல்லி வாடையாவது, வெளிச்சம் வந்தால் போதும் என்று இரண்டே நாளில் அக்கம்பக்கத்தார் அத்தனையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அண்ணி டால்டா டப்பாவை மறுபடி எடுத்தார். எண்ணெய் இல்லை, ரிப்பன் இல்லை, வெறும் வெள்ளைப் பாரபின். ஊற்ற ஊற்றப் போயிற்று. புயல் போன பிறகும் மின்வெட்டு போகவில்லை. 2012இல் கரண்ட் இருக்கும் நேரத்தைத்தான் எண்ண வேண்டியிருந்தது. ஒரு நாள் என்னோடு பஸ் ஏறித் தெற்கு வீதிக் கடைக்கு வந்து, அந்த அம்மாவிடம் நேராகவே சொன்னார்: "போன தடவ ஊத்தின மூக்கில்லாதவ நான்தாங்க. இப்ப வாசன இல்லாததுதான் போடுறேன். வேணுமா?" அந்த அம்மா சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார். கடைக்குப் பின்சந்தில் ஒரு மாடி அறை காலியாக இருப்பதையும் அவர்தான் சொன்னார்.

என் கணவர் இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டு நின்றார். பிறகு இறங்கி வந்தார். இறங்கி வந்தவர் சும்மா வராமல், அக்காவுக்கு என்று புது கேஸ் அடுப்பு வாங்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, அந்த மாடி அறையில் சிலிண்டரையும் மாட்டிவிட்டு, பெருமையோடு என்னைப் பார்த்தார்.

"என்னா, அடுப்பு எப்டியிருக்கு?"

அவருக்குப் பின்னால் அண்ணி நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கொளுத்திவிட்டுப் பார்ப்பாரே, அதே பார்வை.

"நல்லாயிருக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்து ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். தையல் மிஷின் போன ஜன்னலைத் திறந்துவிட்டேன். காற்று வந்தது. ஆறு வருஷம் கேட்ட ஹால். அதில் பத்து நிமிஷம் கூட நிம்மதியாக உட்கார முடியவில்லை. அடுப்புத் திருகை மூடியிருப்பாரா, மாட்டாரா. இருந்திருந்து போன் செய்தேன். "நான் என்னா கொழந்தையா?" என்று அண்ணி வைத்துவிட்டார்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் மாடி ஏறினேன். கதவைத் திறந்தவர் கொஞ்சம் முறைத்தார். நான் பேசாமல் அடுப்புப் பக்கம் போய்க் குனிந்து முகர்ந்தேன். சிலிண்டர் வாயைத் தொட்டுப் பார்த்தேன். பால் பாத்திரத்தை முகர்ந்து, பால் திரிந்திருக்கிறது என்று கொட்டினேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஐந்து மணிக்கு ஆபீஸ் விடும், ஐந்தே காலுக்கு மாடி, ஐந்தே முக்காலுக்கு பஸ். யாரைப் போகச் சொல்லி அத்தனை வருஷம் வேண்டினேனோ அவரைப் பார்க்கத் தினம் இருபத்திரண்டு படி ஏறி இறங்கினேன். முட்டி வலி அப்போதுதான் ஆரம்பித்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மாடி ஏறிப் போனால், ஸ்டூல்மேல் ஒரு கண்ணாடி டம்ளர் எரிந்துகொண்டிருந்தது. அடியில் மூன்று புள்ளி. சோயா. எனக்குத் தெரியாமல் சென்னையிலிருந்து வரவழைத்து, ஊற்றி, இரண்டு வாரம் மூடி வைத்திருக்கிறார்.

"எப்டியிருக்குது?"

அன்றும் எனக்கு அலுப்புதான். தேர்வுக் கட்டணம் கட்டும் சமயம், காலையிலிருந்து ஜன்னலில் பிள்ளைகளின் வரிசை. அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மணியைப் பார்த்தேன், ஐந்தரை. பையைத் தோளில் மாட்டியபடியே குனிந்து முகர்ந்தேன். நிமிர்ந்து, இன்னொரு தடவை குனிந்தேன்.

"மொதல்ல பச்ச எண்ண வாடை வருது அண்ணி. மல்லி அப்புறந்தான் வருது, அதுவும் கம்மியா. இத யாரும் வாங்க மாட்டாங்க."

அண்ணி எழுதவில்லை. பென்சிலைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தப் பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல எத்தன நெசம்?"

கீழே சந்தில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. நான் நோட்டைத் திறக்கவில்லை. திறக்காமலே எனக்குத் தெரியும்.

"தேன்மெழுகு ஒண்ணுதான். அது நெசமாவே நல்லா இருந்துச்சு."

"கடசிப் பாளம்?"

"மண்ணெண்ண வாடை வந்துச்சு. அன்னிக்கே தெரியும்."

"கொசுவத்தின்னு சொன்ன."

"பொய் சொன்னேன் அண்ணி."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் "ஏம்மா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது. பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தார். சொல்வதற்கு என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை.

"அலுப்பா இருந்துச்சு."

அண்ணி அந்த டம்ளரை ஊதி அணைத்தார். புகை நேராக என் முகத்துக்கு வந்தது. அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து நான்கு காலி டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தார். பழைய நோட்டைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் புதுசாக ஒரு கோடு போட்டார்.

"அப்ப மொதல்லேருந்து வரணும். இன்னிக்கு பாரபின் ஊத்தறேன், ஆறினதும் மோந்து பாத்துட்டுப் போவலாம். ஒக்காரு."

மணி ஐந்தே முக்கால் ஆகிக்கொண்டிருந்தது. நான் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.